ஆட்டோமேட்டிக் பிக்கப் வண்டியா? கியர்பாக்ஸ் ஆயில், ஃபில்டர் எப்போ மாத்தணும், எப்படி மாத்தணும்? முழு விவரம்!

இன்ஜின் ஆயில் மாத்தாம யாரும் வண்டி ஓட்டுறதில்லை. ஆனா கியர்பாக்ஸ் ஆயில் கடைசியா எப்போ மாத்தினீங்கனு கேட்டா, பல பேர் யோசிப்பாங்க. ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்களில் சிலர், "அதுக்கு ஆயில் மாத்தவே வேண்டாமாமே!" என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நம்பிக்கை சில நேரம் லட்சக்கணக்கில் செலவு வைத்துவிடும்.

சிவகங்கை மாவட்டம் நாட்டரசன்கோட்டை. கண்ணுடைய நாயகி அம்மன் கோயிலும் கம்பர் நினைவிடமும் உள்ள ஊர். இங்கிருந்து காளையார்கோவில், காரைக்குடி பக்கம் போனால் பிக்கப் வண்டிகளுக்குக் குறைவே இல்லை. ஆத்தங்குடி டைல்ஸ், பழைய தேக்குத் தூண், கதவு நிலை, நெல் மூட்டை, திருவிழாப் பந்தல் சாமான் என எல்லாம் பிக்கப்பில்தான் போகும். கோடையில் வெயில் 40 டிகிரியை ஒட்டி அடிக்கும். பாரம், வெயில், புழுதி... இந்த மூன்றும் சேர்ந்தால் கியர்பாக்ஸ் ஆயிலுக்குச் சோதனைக் காலம்தான்.

சரி, எந்த வண்டிக்கு இது பொருந்தும்? என்ன ஆயில்? ஃபில்டர் எங்கே இருக்கு? நாமளே மாத்தலாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உங்க வண்டியில் இருப்பது எந்த கியர்பாக்ஸ்?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம்ம ஊர்களில் ஓடும் மஹிந்திரா பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா ஏஸ் போன்றவை பெரும்பாலும் கிளட்ச் மிதித்து, கையால் கியர் போடும் வண்டிகள். இவற்றுக்கு ஊற்றுவது கெட்டியான கியர் ஆயில். இந்தக் கட்டுரையில் சொல்லும் ஆயிலும் ஃபில்டரும் இவற்றுக்குப் பொருந்தாது.

இந்தியாவில் உண்மையான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு வரும் பிக்கப்கள் கொஞ்சம்தான். சென்னைக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டி ஆலையில் தயாராகும் இசுசூ டி-மேக்ஸ் வி-கிராஸ் ஒன்று. 2022-ல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் இன்னொன்று. இரண்டிலும் 6 கியர் ஆட்டோமேட்டிக் மாடல்கள் உண்டு. மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு ஹைலக்ஸ் பழகிய வண்டி. இப்போது பழைய வண்டிச் சந்தையிலும் இவை வருகின்றன. பழைய வண்டி வாங்குபவர்கள்தான் இந்த விஷயத்தில் ரொம்ப உஷாராக இருக்கணும்.

ஏஎம்டி என்பது வேற. கார்களில் பரவலாக வரும் ஏஎம்டியில் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் மனிதனுக்குப் பதிலாக ஒரு கருவி மாற்றுகிறது. சிவிடி என்பதும் வேற. அதற்குத் தனி ஆயில். "ஆட்டோமேட்டிக்தானே" என்று ஒன்றுக்கு ஊற்றுவதை இன்னொன்றுக்கு ஊற்றினால் கியர்பாக்ஸ் காலி.

ஏடிஎஃப் அப்படி என்ன வேலை செய்யுது?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் திரவத்தின் பெயர் ஏடிஎஃப். புதுசா இருக்கும்போது பெரும்பாலும் நல்ல சிவப்பு நிறத்தில் இருக்கும். அது இயற்கை நிறம் இல்லை. இன்ஜின் ஆயிலோடு குழம்பாமல் இருக்கவும், கசிந்தால் எதிலிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்கவும் சேர்க்கும் சாயம்.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்று ஒரு பாகம் இருக்கிறது. எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஓட விட்டால் அதன் காற்று பட்டு மற்றதும் சுற்றும் இல்லையா? இங்கே காற்றுக்குப் பதில் ஆயில். இன்ஜினின் சக்தி ஆயில் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது.

அடுத்தது கியர் மாறுவது. உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் விடுவதும் ஆயிலின் அழுத்தம்தான். எந்த வழியில் எவ்வளவு ஆயில் போகணும் என்பதை வால்வு பாடி என்ற பாகமும், அதில் உள்ள சோலனாய்டு என்ற மின்வால்வுகளும் முடிவு செய்கின்றன. வால்வு பாடியில் உள்ள பாதைகள் ரொம்பக் குறுகலானவை. சின்ன அழுக்கு அடைத்தாலும் கியர் மாறுவதில் தகராறு வரும்.

இது போக, பற்களுக்கு வழவழப்பு தருவது, சூட்டை எடுத்துக்கொண்டு கூலருக்குப் போவது, துரு பிடிக்காமல் பார்த்துக்கொள்வது என எல்லாமே இதே ஆயிலின் தலையில்தான். இன்ஜின் ஆயிலைவிட இதற்கு வேலைகள் அதிகம் என்றே சொல்லலாம்.

ஒரு சுவாரசியமான தகவல். பெரிய அளவில் விற்பனைக்கு வந்த முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. அந்தக் காலத்து ஏடிஎஃப்பில் திமிங்கில எண்ணெய் கலந்திருந்தார்கள். கிளட்ச் தட்டுகள் உதறாமல் பிடிக்க அது உதவியது. 1970-களில் திமிங்கிலங்களைக் காக்க அமெரிக்காவில் தடை வந்த பிறகு, வேதிப்பொருட்களைக் கொண்டு மாற்று தயாரித்தார்கள். இன்றைய ஏடிஎஃப்பிலும் அந்த வேலைக்கென்றே தனி ரசாயனங்கள் உண்டு. இவை நாளாக ஆகத் தீர்ந்துபோகும் என்பதுதான் ஆயில் மாற்றச் சொல்வதற்கு முக்கியக் காரணம்.

'லைஃப்டைம் ஆயில்' என்றால் மாத்தவே வேண்டாமா?

இங்கேதான் பெரிய குழப்பம். சில தயாரிப்பாளர்களின் கையேட்டில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றும் கிலோமீட்டர் கணக்கே இருக்காது. 'லைஃப்டைம்' என்று விளம்பரமும் செய்வார்கள். யாருடைய ஆயுள் அது என்பதுதான் கேள்வி. சாதாரணப் பயன்பாட்டில், எதிர்பார்த்த ஆயுள் வரை தாங்கும் என்றுதான் அதற்கு அர்த்தம். 3 லட்சம் கிலோமீட்டர் வரை பாரம் ஏற்றி ஓட்டப்போகிறேன் என்பவருக்கு அது பொருந்தாது.

பல கையேடுகளில் 'கடுமையான பயன்பாடு' என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். இழுவை, தொடர்ந்து பாரம், மலைப்பாதை, அதிக வெயில், புழுதி ரோடு, நின்று நின்று போகும் நகர நெரிசல் எல்லாம் அதில் வரும். நம்ம ஊரில் பாரம் ஏற்றும் பிக்கப் எந்தப் பட்டியலில் வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயிலுக்கு முதல் எதிரி சூடு. சூடு ஏற ஏற ஆயில் கெட்டுப்போகும் வேகம் பல மடங்காகும். 80, 90 டிகிரி செல்சியஸில் ஓடும்போது நிம்மதியாக இருக்கும் ஆயில், 120 டிகிரியைத் தாண்டி அடிக்கடி போனால் சீக்கிரமே கருத்து, வலு இழந்துவிடும்.

அப்படியென்றால் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை? முதலில் உங்கள் வண்டியின் கையேடு சொல்வதைப் பின்பற்றுங்கள். கையேடு எதுவும் சொல்லவில்லை என்றால், கடுமையாகப் பயன்படும் வண்டிகளுக்கு 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றுவது பரவலான நடைமுறை. பழைய வண்டி வாங்கியிருக்கிறீர்கள், முன்பு மாற்றியதற்குச் சர்வீஸ் பதிவு இல்லை என்றால், முதலில் ஆயிலைப் பரிசோதித்துவிடுங்கள்.

இந்த அறிகுறிகள் இருந்தால் உஷார்!

* டி-க்கு மாற்றினால் வண்டி நகர ஒரு நொடி, இரண்டு நொடி தாமதம்
* கியர் மாறும்போது 'டக்' என்று பின்னாலிருந்து உதைப்பது போன்ற அதிர்வு
* ஆக்சிலரேட்டர் மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறுது, வேகம் ஏறலை
* ஒரே வேகத்தில் போகும்போது மேடுபள்ள ரோட்டில் ஓடுவது போன்ற உதறல்
* வண்டி நின்ற இடத்தில் சிவப்பு அல்லது பழுப்பு நிறச் சொட்டு
* கருகிய வாடை, டேஷ்போர்டில் கியர்பாக்ஸ் சூடு எச்சரிக்கை

ஆயில் பழுப்பாக மாறியிருந்தால் வயசாகிவிட்டது என்று அர்த்தம். கறுத்து, கருகிய வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கலாம். ஸ்ட்ராபெரி மில்க்ஷேக் மாதிரி வெளிர் சிவப்பாக நுரைத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கு. அப்படி இருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது.

"ரொம்ப வருஷம் மாத்தாத ஆயிலை இப்போ மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்" என்று ஒர்க்ஷாப்பில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதில் பாதி உண்மை. ஏற்கெனவே கிளட்ச் தட்டு தேய்ந்து வழுக்க ஆரம்பித்த கியர்பாக்ஸைப் புது ஆயில் காப்பாற்றாது. மாற்றிய பிறகு அது படுத்தால் பழி ஆயில் மேல் விழும். எனவே வழுக்கல் இருந்தால், ஆயில் மாற்றுவதற்கு முன்பே விவரம் தெரிந்தவரிடம் காட்டி, ஸ்கேனரில் பார்த்துவிடுங்கள்.

எந்த ஆயில் வாங்கணும்?

சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஆயில் இல்லை. டொயோட்டா தன் கியர்பாக்ஸ்களுக்கு 'டபிள்யூஎஸ்' என்ற வகையைச் சொல்கிறது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு டெக்ஸ்ரான், ஃபோர்டுக்கு மெர்கான். இவற்றின் அடர்த்தியும் வழுக்கும் தன்மையும் வேறு வேறு. பவர் ஸ்டீயரிங்குக்கு வாங்கி வைத்த பழைய ரக ஏடிஎஃப் மிச்சம் இருக்கு என்று கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள்.

கையேட்டில் என்ன வகை எழுதியிருக்கிறதோ அதை வாங்குங்கள். வேறு கம்பெனி ஆயில் என்றால், டப்பாவின் பின்பக்கத்தில் அந்த வகையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சீல் உடைந்த டப்பா, பில் தராத கடை இரண்டும் வேண்டாம். போலி ஆயில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்தச் சில நூறு ரூபாய்க்காகப் பணயம் வைப்பது முழு கியர்பாக்ஸை.

இன்னொன்று: 4 சக்கர இழுவை உள்ள வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆயில் உண்டு. "கியர்பாக்ஸ் ஆயில் மாத்தியாச்சு" என்றால் இவையும் மாறிவிட்டன என்று அர்த்தம் இல்லை.

ஃபில்டர் எங்கே இருக்கு?

இன்ஜின் ஆயில் ஃபில்டர் மாதிரி வெளியே தெரியாது. கியர்பாக்ஸின் அடியில் தட்டு மாதிரி ஒரு பாகம் இருக்கும். அதை 'பேன்' என்பார்கள். ஒர்க்ஷாப்பில் 'சம்ப்' என்றும் சொல்வதுண்டு. அதைக் கழற்றினால் உள்ளே ஃபில்டர் இருக்கும். பம்ப் ஆயிலை உறிஞ்சுவது இதன் வழியாகத்தான். சில வண்டிகளில் இது கம்பி வலை. சிலவற்றில் துணி போன்ற வடிகட்டி. பேனும் ஃபில்டரும் ஒரே பாகமாக வரும் வண்டிகளும் உண்டு.

பேனின் உள்ளே சின்னக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். இரும்புத் துகள்களைப் பிடித்து வைப்பது அவைதான். கியர்பாக்ஸின் ஜாதகமே அந்தக் காந்தத்தில் இருக்கும். சாம்பல் நிறத்தில் மை போல வழவழப்பாக ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அது வழக்கமான தேய்மானம். கையில் குத்தும் சிலாம்புகளோ உடைந்த உலோகத் துண்டுகளோ இருந்தால் உள்ளே ஏதோ பாகம் உடைகிறது.

மாற்றுவது எப்படி? படிப்படியாக...

வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் நீங்களே கழற்ற வேண்டாம், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கே கொண்டு போங்கள். மற்றவர்கள், ஒர்க்ஷாப்பில் பக்கத்தில் நின்று பார்ப்பதற்காகவாவது இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. பாதுகாப்புதான் முதல்: சமதளத்தில் நிறுத்தி, பி-யில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கி மட்டும் போட்ட வண்டிக்கு அடியில் ஒரு நிமிஷம்கூடப் போகக் கூடாது. கல், செங்கல் அடுக்கி நிறுத்துவதும் கூடாது. சுமார் 2 டன் எடை அது. சர்வீஸ் குழி அல்லது லிஃப்ட் உள்ள இடம்தான் நல்லது.

2. லேசாகச் சூடாக்குங்கள்: சில நிமிடங்கள் ஓட்டிவிட்டு வந்தால் ஆயில் இளகி, அழுக்கோடு சேர்ந்து நன்றாக வடியும். நீண்ட தூரம் ஓட்டிய உடனே திறந்தால் கை வெந்துவிடும்.

3. ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்றுங்கள்: பலர் தவறவிடும் விஷயம் இது. வடிக்கும் போல்ட்டைத் திறந்து ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு, பிறகு ஊற்றும் போல்ட் துருவேறித் திறக்கவே இல்லை என்றால்? வண்டியை அங்கிருந்து நகர்த்தவே முடியாது. அதனால் ஊற்றும் வழி திறக்கிறது என்று உறுதி செய்த பிறகே வடிக்கணும்.

4. வடித்த ஆயிலை அளந்து வையுங்கள்: எவ்வளவு வந்தது என்பதுதான் எவ்வளவு ஊற்றணும் என்பதற்கு முதல் கணக்கு. வடித்தால் மொத்த ஆயிலும் வராது. டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாயிலும் பெரும்பகுதி நின்றுவிடும்.

5. பேனை இறக்குங்கள்: வடித்த பிறகும் பேனில் கொஞ்சம் ஆயில் தேங்கியிருக்கும். ஒரு பக்கத்துப் போல்ட்டுகளைக் கடைசிவரை விட்டுவைத்து, மெல்லச் சாய்த்து இறக்கினால் தலையில் கொட்டாது.

6. ஃபில்டரை மாற்றுங்கள்: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் துளைக்குள்ளேயே ஒட்டியிருக்கலாம். அதைக் கவனிக்காமல் புது வளையத்தோடு ஃபில்டரை மாட்டினால் சரியாக உட்காராது, பம்ப் காற்றை உறிஞ்சும். புது வளையத்தில் கொஞ்சம் ஏடிஎஃப் தடவி மாட்டணும்.

7. பனியன் வேஸ்ட் வேண்டாம்: ஒர்க்ஷாப்பில் எதற்கெடுத்தாலும் பனியன் வேஸ்ட்தான். ஆனால் இங்கே அதன் நூல் ஒரு இழை உள்ளே போனாலும் வால்வு பாடியில் சிக்கும். நூல் பிரியாத துணியால் பேனையும் காந்தத்தையும் துடையுங்கள். காந்தங்களைப் பழைய இடத்திலேயே வைக்க மறக்காதீர்கள்.

8. புது கேஸ்கட், அளவான இறுக்கம்: பேன் போல்ட்டுகள் சின்னவை. பலத்தைக் காட்டி இறுக்கினால் மரை போய்விடும், பேன் வளைந்து கசியும். டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிர்ப் போல்ட்டாக இறுக்கணும். கேஸ்கட் மேல் கூடுதலாக சிலிகான் பசை பூசுவது தேவையில்லாத வேலை. கையேடு பசை போடச் சொன்னால் மட்டும் போடுங்கள்.

9. ஆயில் ஊற்றுங்கள்: வடித்த அளவுக்கு முதலில் ஊற்றி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி பி, ஆர், என், டி என ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிறுத்தி, மறுபடி பி-க்கு வரணும். அந்த நேரத்தில் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் அடியிலும் யாரும் நிற்கக் கூடாது.

லெவல் பார்ப்பதில்தான் சூட்சுமம்!

இன்ஜின் ஆயிலுக்கு இருப்பது மாதிரி அளவுகோல் கம்பி இப்போதைய பல கியர்பாக்ஸ்களில் கிடையாது. பேனில் ஒரு வழியும் குழாய் இருக்கும். இன்ஜின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அந்த போல்ட்டைத் திறந்தால், கூடுதல் ஆயில் வழியும். ஓட்டம் நின்று சொட்டாக மாறும்போது மூடினால் லெவல் சரி. திறந்ததும் ஒன்றுமே வரவில்லை என்றால் ஆயில் குறைவு, இன்னும் ஊற்றணும்.

சூடு ஏன் முக்கியம்? சூடானால் ஆயில் விரியும். குளிர்ந்த ஆயிலில் பார்த்தால் ஒரு கணக்கு, கொதிக்கும் ஆயிலில் பார்த்தால் வேறு கணக்கு. பல வண்டிகளுக்கு இந்த வரம்பு சுமார் 35 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். நம்ம ஊர்க் கோடையில் நிழலே 40 டிகிரியைத் தொடும்போது இந்த வரம்பு சீக்கிரமே தாண்டிவிடும். அதனால் விடிகாலையில், வண்டி ஆறியிருக்கும்போது செய்வது நல்லது. சூட்டைக் கையால் தொட்டு மதிப்பிட முடியாது, ஸ்கேனர் வேண்டும்.

குறைவாக இருந்தால் பம்ப் காற்றை இழுக்கும், கிளட்ச் வழுக்கும். அதிகமாக இருந்தாலும் ஆபத்துதான். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்கு அழுத்தம் வராது.

ஃப்ளஷ் பண்ணலாமா?

மிஷின் மாட்டி மொத்த ஆயிலையும் மாற்றுவதை ஃப்ளஷ் என்கிறார்கள். பழைய ஆயில் அதிகமாக வெளியேறும் என்பது நன்மை. ஆனால் நிறைய ஆயில் செலவாகும். பேனைக் கழற்றாமல் செய்தால் ஃபில்டரும் காந்தமும் அழுக்காகவே இருக்கும். தாராளமாக ஓடிய வண்டிகளுக்குப் பேனைக் கழற்றி வடித்து மாற்றுவதும், சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை வடித்து ஊற்றுவதும் நிதானமான வழி.

வண்டி நின்னுட்டா கட்டி இழுக்காதீங்க!

ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. பின் சக்கரம் தரையில் உருள இழுத்துக்கொண்டு போவதும் கூடாது. ஆயில் பம்ப்பைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் ஓடாதபோது சக்கரம் உருண்டால், உள்ளே பாகங்கள் ஆயில் இல்லாமல் உராயும். நல்ல கியர்பாக்ஸும் அந்தப் பயணத்தில் கெட்டுப்போகும். 4 சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிப் போகும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

பழைய ஆயிலை என்ன செய்யணும்?

ஒர்க்ஷாப் பின்பக்கம் மண்ணில் ஊற்றுவது, சாக்கடையில் விடுவது ரெண்டும் கூடாது. பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவு. 2016-ம் ஆண்டு அபாயகரமான கழிவு விதிகளின்படி அது அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போய்ச் சேர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிப்பாளர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

செட்டிநாட்டுப் பக்கம் இதைக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கு. மழைத் தண்ணீரை ஊருணியில் சேர்த்து, வீட்டு முற்றத்தில் விழும் தண்ணீரையும் வீணாக்காமல் பிடித்து வைத்த ஊர்கள் இவை. தரையில் ஊற்றிய ஆயில் அடுத்த மழையில் எங்கே போகும்? தாழ்வான இடத்துக்குத்தான். அங்கேதான் ஊருணி இருக்கு. மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள்.

ஒர்க்ஷாப்பில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. என்ன வகை ஏடிஎஃப் ஊற்றப்போறீங்க? டப்பாவைக் காட்டுங்க.
2. பேனைக் கழற்றி ஃபில்டர், கேஸ்கட் மாத்துறீங்களா, வெறுமனே வடிக்கிறீங்களா?
3. லெவல் பார்க்கும்போது ஆயில் சூட்டை ஸ்கேனரில் பார்ப்பீங்களா?
4. கழற்றிய ஃபில்டரையும் காந்தத்தையும் எனக்குக் காட்டுவீங்களா?
5. பில்லில் கிலோமீட்டர், ஆயில் வகை, அளவு எழுதித் தருவீங்களா?

இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்லும் இடத்தில் வண்டியைத் தைரியமாக விடலாம். ஐந்தாவது கேள்விக்கான பில்லைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது, "கியர்பாக்ஸ் ஆயில் மாத்தியிருக்கேன்" என்று வாயால் சொல்வதைவிட அந்தக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.